வீட்டில் ஒரு மின்னல் நிலையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்னல் தோன்றும் இடங்களை ஆர்வலர்களே ஒன்றுசேர்ந்து கண்டறியும் பிளிட்ஸ்ஓர்டுங் வலையமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களுள், கருவியை வீட்டிலேயே அமைப்பது குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை இணைத்திருக்கிறோம்.

கேள்வி (வாசகர், ஹாம், ஜெர்மனி): பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், எங்கள் வீட்டில் பிளிட்ஸ்ஓர்டுங் நிலையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். அறைக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றும் மின்னலின் இடத்தை எவ்வாறு அறிகிறது? இந்த வேலையை அவனால் முடிக்க இயலுமா?

பதில்: உங்கள் வீட்டுப் பெட்டி தனித்து நின்று எந்த மின்னலின் இடத்தையும் அறிவதில்லை. ஓர் அலை தன்னை வந்தடைந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்து, தன் இருப்பிடத்தையும் அலையின் வடிவத்தையும் சேர்த்து, இணையத்தின் வழியே மைய சர்வருக்கு அனுப்புவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. பல நிலையங்களிலிருந்து வந்த நேரங்களை ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிடுவது சர்வர்தான்.

மேகத்திலிருந்து தரைக்கு மின்னல் இறங்கும்போது, சில கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் சில மைக்ரோநொடிகளில் எழுந்து, பின்னர் சற்று மெதுவாக அடங்குகிறது. அந்தப் பாதை முழுவதுமே ஆண்டெனாவாகி ரேடியோ அலைகளை வீசுகிறது. அவ்வலைகளின் வலு, 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுந்திருக்கும். இத்தகைய அலைகள் தரைக்கும், வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள மேலடுக்காகிய அயனி மண்டலத்துக்கும் இடையே அகப்பட்டு, அதிகம் தேயாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்பவை. ஆகவே ஹாம் நகரில் வானம் தெளிவாக இருக்கும் ஒரு ஜூலை மாலையில், இத்தாலியின் வடபகுதியில் பெய்யும் இடிமழையின் அலைகள் உங்கள் வீட்டுக்குள் வந்து சேர்வதில் வியப்பில்லை.

கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டு, மேலத்தெருவில் இருப்பவருக்கும் கீழத்தெருவில் இருப்பவருக்கும் ஒரே கணத்தில் கேட்பதில்லை. இருவரும் கேட்ட நேர வேறுபாட்டைக் கொண்டு வேட்டு வெடித்த இடத்தை ஒரு வளைகோட்டின் மீது எங்கோ இருப்பதாகச் சொல்லலாம். மின்னலுக்கும் கணக்கு இதுவே. இரண்டு நிலையங்களின் நேர வேறுபாடு அதிபரவளையம் (ஹைபர்போலா) என்னும் வளைகோட்டைத் தருகிறது. மூன்றாவது நிலையம் சேரும்போது இன்னொன்று கிடைக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மின்னலின் இடம். மூன்று நிலையங்களில் சில வேளைகளில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் வந்து குழப்பும் என்பதாலும், ஒவ்வொரு நிலையத்திலும் சிறு பிழைகள் இருக்கும் என்பதாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலான நிலையங்கள் ஒரே மின்னலைப் பதிவு செய்தால்தான் அது ஏற்றுக்கொள்ளப்படும்.

இந்த வலையமைப்பைத் தொடங்கியவர், டுசெல்டோர்ஃப் நகரிலுள்ள ஹைன்ரிஷ் ஹைனே பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் ஏகோன் வாங்கே. அந்நகரம் உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால், உங்கள் மகன் சேர்க்கப்போகும் நிலையம் புதிய மின்னல்களைக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கெனவே கண்டறியப்படுபவற்றின் இடத்தை மேலும் திருத்தமாக்கவே உதவும். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஓரிரு வாரங்களில் ஆர்வம் வடிந்துவிடக்கூடும்.

கருவியின் உறுப்புகள் நான்கு வகைப்படும்: அலையை வாங்கும் ஃபெரைட் தண்டுச் சுருள்கள், அவற்றின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் பெருக்கி, ஜிபிஎஸ் வாங்கி, இவையனைத்தையும் ஆளும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்ட பலகை. பரவலாகப் பயன்பட்ட 'ரெட்' என்னும் தலைமுறையில், கடைகளில் கிடைக்கும் எஸ்.டி.எம்.32 வகை டிஸ்கவரி பலகையே மையமாக இருந்தது. கருவித் தொகுப்புகள் எப்போதும் கைவசம் இருப்பவை அல்ல. சிறு தொகுதிகளாகத் தயாரிக்கப்படுவதால் காத்திருக்க வேண்டிவரும்.

பத்தாம் வகுப்பு மாணவனால் இதைச் செய்ய முடியும். ஆனால் இதுவே அவன் முதன்முதலில் சால்டர் செய்யும் பலகையாக இருக்க வேண்டாம். பழைய ரேடியோப் பலகை ஒன்றில் உறுப்புகளைக் கழற்றியும் மாட்டியும் கை பழகிய பிறகு தொடங்கட்டும். நல்ல இணைப்பில் ஈயம் கம்பியின் அடியிலிருந்து தகட்டின் மீது சரிவாகப் படர்ந்திருக்கும்; தகட்டில் ஒட்டாமல் கம்பியைச் சுற்றி உருண்டையாகத் திரண்டு நின்றால் அந்த இணைப்பு வெப்பம் போதாமல் அமைந்தது என்று பொருள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் பெருக்கியின் ஒரு தடம் மட்டும் ஊமையாக இருக்குமானால், பத்தில் ஒன்பது முறை காரணம் இத்தகைய உருண்டை ஒன்றுதான்.

கேள்வி (பொறியியல் மாணவர், விருத்தாசலம்): நிலையத்துக்கு ஜிபிஎஸ் வாங்கி எதற்கு? வீடு நகர்ந்துவிடப் போவதில்லை. இருப்பிடத்தை ஒருமுறை உள்ளிட்டால் போதுமே. நேரத்துக்குத்தான் என்றால், கணினியின் கடிகாரம் இணையத்தோடு தானாகவே ஒத்திசைந்துகொள்கிறது. அது போதாதா?

பதில்: போதாது, எவ்வளவு போதாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த முயற்சியின் சாரமே விளங்கிவிடும். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்கிறது. கடிகாரத்தில் ஒரு மைக்ரோநொடிப் பிழை இருந்தால், தூரத்தில் 300 மீட்டர் பிழை என்று கொள்ளலாம். இணையத்தோடு ஒத்திசையும் கணினிக் கடிகாரம், நல்ல இணைப்பிலும் சில மில்லிநொடிகள் தவறாக இருக்கக்கூடியது. ஒரு மில்லிநொடி என்பது ஆயிரம் மைக்ரோநொடி. அதாவது 300 கிலோமீட்டர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சென்னையில் தோன்றிய மின்னலைத் திருச்சியில் காட்டும் வரைபடம் யாருக்கும் பயன்படாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நிலையத்தில் பயன்படும் ஜிபிஎஸ் வாங்கி, இருப்பிடத்தைத் தருவதோடு ஒவ்வொரு நொடியும் பிறக்கும் கணத்தில் ஒரு மின்துடிப்பையும் தருகிறது. அத்துடிப்பின் ஏறுமுகம், உலக நேரத்தின் நொடித் தொடக்கத்தோடு நூறு நானோநொடிக்கும் குறைவான வேறுபாட்டில் பொருந்தி நிற்கும்.

ஆயினும் மின்னல் நொடித் தொடக்கத்தில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரத்தை மைக்ரோகன்ட்ரோலர் தன் சொந்தப் படிகத்தின் அதிர்வுகளை எண்ணித்தான் அளக்க வேண்டும். சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை விலகியிருக்கக்கூடும். அப்படியானால் ஒரு நொடியின் முடிவில் 20 மைக்ரோநொடி, அதாவது 6 கிலோமீட்டர், பிழை சேர்ந்துவிடும். அறையின் வெப்பநிலை மாறினால் விலகலும் மாறும். இதற்குக் கையாளப்படும் வழி எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்பு வரை தன் படிகம் எத்தனை முறை அதிர்ந்தது என்பதை மைக்ரோகன்ட்ரோலர் எண்ணிவைத்துக்கொள்கிறது. 16,80,00,000 வரவேண்டிய இடத்தில் 16,80,02,100 வந்தால், படிகம் அந்த அளவுக்கு விரைவாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த நொடிக்குள் பதிவான எல்லா நேரங்களையும் அதே விகிதத்தில் திருத்திவிட்டால், மலிவான படிகமே போதுமானதாகிவிடுகிறது.

இருப்பிடம் குறித்து நீங்கள் எழுப்பிய கேள்வியும் நியாயமானதே. கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துக் கையால் உள்ளிட்ட இருப்பிடம் 50 மீட்டர் தவறாக இருந்தாலும் அது எல்லாக் கணக்கிலும் நிரந்தரப் பிழையாகத் தங்கிவிடும். ஜிபிஎஸ் வாங்கி பல மணி நேரம் ஓடி, தன் அளவீடுகளைச் சராசரி செய்து தருவது அதைவிட நம்பகமானது. ஜிபிஎஸ் ஆண்டெனாவைச் சன்னலோரத்தில் வானம் தெரியும்படி வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. தகரக் கூரையின் கீழ் அது வேலை செய்யாது.

கேள்வி (வாசகர், பாளையங்கோட்டை): ஃபெரைட் தண்டில் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சிறு பெருக்கியின் வழியாக மடிக்கணினியின் சவுண்ட் கார்டில் இணைத்திருக்கிறேன். அதிர்வெண்களைப் பிரித்து அலைமாலையாகக் காட்டும் மென்பொருளில் 18 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு இரவும் பகலும் தெரிகிறது. அது தவிர, வானம் வெளுத்திருக்கும் நாளிலும் 'பட பட' என்று இரைச்சல் ஓய்வதில்லை. மின்னலை இதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நீங்கள் காணும் கோடு பெரும்பாலும் உங்கள் ஊருக்குத் தெற்கே, 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் விஜயநாராயணத்திலிருந்து வருவது. அங்குள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வி.டி.எக்ஸ். என்னும் அழைப்புக்குறி கொண்ட அதன் ஒலிபரப்புகளுள் 18.2 கிலோஹெர்ட்ஸ் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் நன்கறிந்தது. மின்னலின் அலைகளைப் போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள் சில மீட்டர் வரை ஊடுருவும் என்பதால்தான் கடற்படைகள் இந்த அதிர்வெண்களை நாடுகின்றன. ஹாம் வாசகருக்கும் இதே தொல்லை காத்திருக்கிறது: அவர் ஊருக்கு வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டரில், ரௌடர்ஃபேன் என்னுமிடத்திலுள்ள ஜெர்மானியக் கடற்படை நிலையம் 23.4 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. நிலையான அதிர்வெண்ணில் வரும் இத்தகைய குறுக்கீட்டை அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டியால் நீக்கிவிடலாம். உங்களைப் போல் அருகிலிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதன் வலுவால் பெருக்கி திணறிப்போகாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே. திணறினால், பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல்தான் உண்மையான சிக்கல். வீட்டு மின்னல் நிலையம் அமைப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி, சால்டரிங் முடிந்த பிறகு, வீட்டுக்குள் இரைச்சலின் ஊற்றைத் தேடுவதிலேயே செலவாகிறது என்பது என் கருத்து.

பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. மின்னலின் துடிப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே கணத்தில் தோன்றுவதால், காலம் இடமிருந்து வலமாக ஓடும் அலைமாலைப் படத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் எந்த ஒழுங்கும் இருக்காது. வீட்டு மின்சாரத்தால் எழும் இரைச்சலோ ஒழுங்கு தவறாதது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் துடிப்புகள் 20 மில்லிநொடிக்கு ஒருமுறையோ, அதன் இரு பாதிகளிலும் வந்தால் 10 மில்லிநொடிக்கு ஒருமுறையோ தவறாமல் வரும். பதிவை விரித்துப் பார்த்து இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால், அது சரியாக 10 மில்லிநொடியாக இருக்குமானால், வானத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஒவ்வோர் அறைக்கும் உரிய சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு வாருங்கள். நம் வீடுகளில் வழக்கமாக அகப்படுபவை மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. பல்புகள், கைப்பேசி சார்ஜர்கள், செட் டாப் பாக்ஸின் அடாப்டர், இன்வெர்ட்டர் ஆகியன. இவற்றுள் ரெகுலேட்டர் தனிக் கவனத்துக்குரியது: விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்காக மின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும் டிரையாக் வகை, அந்த வெட்டும் கணத்தில் மின்னலைப் போன்றே கூர்மையான துடிப்பை எழுப்புகிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் அடங்கி, இரண்டாம் எண்ணில் வைத்தால் இரைந்தால், அதை மாற்றி, மின்தேக்கிகளைக் கொண்டு இயங்கும் படிநிலை ரெகுலேட்டரைப் பொருத்திவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் இரைச்சல் தொடர்ந்தால், அது அண்டை வீட்டிலிருந்தோ, தெருவிலுள்ள மின்கம்பத்தின் பழுதான இன்சுலேட்டரிலிருந்தோ வரக்கூடும். அதற்கு மின்வாரியத்தில் புகார் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

அகற்ற முடியாத இரைச்சலுக்கு இரண்டு கைமருந்துகள் உண்டு. ஒன்று, தூரம். அருகிலுள்ள ஒரு சிறு சாதனத்தின் காந்தப்புலம் தூரத்தின் கன அளவில் குறைவதால், ஆண்டெனாவை அதிலிருந்து இரு மடங்கு தள்ளிவைத்தால் தொல்லை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மின்னலுக்கோ இப்படி ஓரிரு மீட்டர் தள்ளிவைப்பது ஒரு பொருட்டே அல்ல. மற்றொன்று, திசை. ஃபெரைட் தண்டு தன் நீளவாக்கில் சுட்டும் திசையிலிருந்து வரும் அலையை வாங்குவதில்லை. பக்கவாட்டில் வருவதை நன்றாக வாங்கும். தண்டைப் படுக்கைவசமாகவே வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தால், இரைச்சல் சட்டென்று அமுங்கும் ஒரு நிலை அகப்படும். நிலையங்களில் இரண்டு தண்டுகளைச் செங்குத்துக் கோணத்தில் வைப்பதற்குக் காரணமும் இதுவே: ஒன்றின் செவிட்டுத் திசையை மற்றொன்று கேட்டுக்கொள்ளும்.

நாளொன்றுக்கு எத்தனை துடிப்புகளை அனுப்பினோம் என்பதில் சிலர் பெருமை கொள்கிறார்கள். பெருக்கத்தை ஏற்றிவைத்து இரைச்சலையெல்லாம் அனுப்பும் நிலையம் சர்வருக்குச் சுமையாகிறது. குறுக்கீடு மிகும்போது அந்நிலையத்தின் பதிவுகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. குறைவாக அனுப்பினாலும், அனுப்பியவற்றில் பெரும்பாலானவை மின்னலாகவே இருக்கும் நிலையமே மேலானது.

கேள்வி (வாசகர், சேலம்): இணையக் கடையில் ஏ.எஸ்.3935 என்னும் மின்னல் உணரிப் பலகை மலிவாகக் கிடைத்தது. அதை ஆர்டுயினோ என்னும் மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் இணைத்து இந்த வலையமைப்பில் சேரலாமா?

பதில்: சேர இயலாது. ஆஸ்திரிய நிறுவனமான ஏ.எம்.எஸ். உருவாக்கிய அந்தச் சில்லு வேறொரு நோக்கத்துக்கானது. அது 500 கிலோஹெர்ட்ஸ் அருகே கேட்கிறது. துடிப்பின் வடிவத்தைத் தனக்குள்ளேயே ஆராய்ந்து மின்னலா, மனிதன் உண்டாக்கிய குறுக்கீடா என்று தீர்மானிக்கிறது. மின்னலாயின் வலுவைக் கொண்டு, இடிமழையின் முன்விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை 40 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக மதிப்பிட்டுச் சொல்கிறது. திசையையும் சொல்லாது, வலையமைப்புக்கு இன்றியமையாத மைக்ரோநொடி நேரத்தையும் தராது.

ஆனாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். தனித்து நிற்கும் கருவியாக, புயல் நெருங்குகிறதா விலகுகிறதா என்பதைப் பார்க்க அது சுவையான விளையாட்டுப் பொருள். மலிவுப் பலகைகளில் ஆண்டெனா சரியாக இசைவிக்கப்படாமல் வருவது பரவலான குறை. ஆண்டெனாவின் அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3.5 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. சில்லுக்குள்ளேயே உள்ள மின்தேக்கிகளை 8 பிக்கோஃபாரட் படிகளாகக் கூட்டி இதைச் சரிசெய்யலாம். சில்லு சைகை கொடுத்தவுடன் படிக்காமல் 2 மில்லிநொடி பொறுத்துப் படிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (வாசகர், தேனி): எந்தக் கருவியும் வாங்காமல் மின்னலைக் கேட்க வழியுண்டா?

பதில்: உண்டு. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையின் தாழ்ந்த முனையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக் கேளுங்கள்; இடிமழை சூழும் மாலையில் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு 'கரகர' கேட்கும். மின்னல் உணரியின் வரலாறு ரேடியோவின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்தது. ரஷ்யாவின் அலெக்சாந்தர் போபோவ் 1895ஆம் ஆண்டு மே மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் காட்டிய கருவியில், கண்ணாடிக் குழாயினுள் இருந்த உலோகத் துகள்கள் மின்னலின் அலை பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும், மணி அடிக்கும், அதே மணியின் சுத்தி குழாயையும் தட்டித் துகள்களைக் குலைத்து, அடுத்த மின்னலுக்கு ஆயத்தமாக்கிவிடும்.

கேள்வி (வாசகி, பருத்தித்துறை, இலங்கை): எங்களுடைய குடும்பம் கடற்றொழிலில் ஈடுபட்டுள்ளது. வீட்டில் இவ்வாறான நிலையம் ஒன்றை வைத்தால், கடலுக்குப் போகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கை வழங்கப் பயன்படுமா? ஆண்டெனா மின்னலை வீட்டுக்கு இழுத்துவிடும் என்று அயலவர்கள் அஞ்சுகிறார்கள். அது உண்மையா?

பதில்: அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். ஃபெரைட் தண்டு சுமார் ஒரு சாண் நீளமே உள்ள பொருள். அதை வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணின் காந்தப்புலம் செங்கற்சுவரையும் ஓட்டுக்கூரையையும் தடையின்றிக் கடந்து வரும். அலையை வாங்குவதால் மின்னல் ஈர்க்கப்படுவதில்லை. மின்னல் நாடுவது உயரத்தை. எனவே கூரைக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆண்டெனாவைப் பொருத்தினால்தான் ஆபத்து. அப்படிச் செய்வதால் இரைச்சல் சிறிது குறையலாம் என்றாலும் அதை நாம் பரிந்துரைப்பதில்லை. அருகில் மின்னல் விழும்போது நீளமான செப்புக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பதால், ஆண்டெனாவிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளை இயன்றவரை குறுக்கி, வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்லாமல் இருங்கள். இடிமழை நெருங்கி வருவதற்கு முன்பே மின்னிணைப்பையும் ரவுட்டர் இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது; இடி தலைக்கு மேல் முழங்கும்போது அவற்றைத் தொட வேண்டாம். அலை வாங்குவது சில மணி நேரம் நின்றுபோனால் வலையமைப்புக்கு நட்டமில்லை.

முன்னெச்சரிக்கைக்கு இதை நம்ப வேண்டாம். உயிரையும் உடைமையையும் காப்பதற்குத் தன் தரவுகளைப் பயன்படுத்தலாகாது என்று அந்த வலையமைப்பே அறிவித்திருக்கிறது. அது சம்பிரதாயத்துக்காகச் சொல்லப்பட்டதல்ல. ஆர்வலர்களின் நிலையங்கள் எந்த நேரத்திலும் அணைக்கப்படலாம், இணையம் அறுந்துபோகலாம், தெற்காசியாவில் நிலையங்களும் அரிது. வரைபடத்தில் புள்ளி இல்லை என்பதற்காகக் கடலில் மின்னல் இல்லை என்று முடிவுசெய்து ஒரு படகு புறப்பட்டுவிடுமானால், அந்தப் பொழுதுபோக்கு உதவியைவிடத் தீங்கையே விளைவிக்கும். உங்கள் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இந்தியாவில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் உணரிகளைக் கொண்டு இயங்கும் 'தாமினி' செயலி, 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றுவட்டங்களுக்குள் தோன்றும் மின்னலைத் தெரிவிக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் திறந்தவெளியில் வேலை செய்பவர்கள். எந்தக் கருவியும் இல்லாத இடத்தில், மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது; அப்போதே உள்ளே சென்று, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். நடுக்கடலில் உள்ளே செல்ல இடமில்லை என்பதால், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழைக்கு முன்பே கரைக்குத் திரும்பும்படி நேரத்தை அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி (வாசகி, திருச்சி): கடந்த மே மாதம் எங்கள் ஊரில் கண்ணெதிரே மின்னல்கள் வெட்டின. வலையமைப்பின் வரைபடத்தில் அவற்றுள் சிலவே தெரிந்தன. அவையும் சில, ஊருக்கு வெகுதூரம் தள்ளித் தெரிந்தன. வரைபடம் தவறானதா?

பதில்: வரைபடம் தனக்குக் கிடைத்ததைத்தான் காட்டுகிறது. நீங்கள் கண்ட மின்னல்களுள் பல மேகத்துக்குள்ளேயே பாய்ந்திருக்கும். அவற்றின் தாழ் அதிர்வெண் அலைகள், தரையைத் தொடும் மின்னலின் அலைகளைவிடப் பெரும்பாலும் வலுக்குறைந்தவை. தொலைவிலுள்ள நிலையங்களை அவை எட்டுவதில்லை. தரைக்கு வந்த மின்னலும், போதிய நிலையங்களில் பதிவானால்தான் வரைபடத்தில் இடம்பெறும். ஜெர்மனியில் நூறு கிலோமீட்டருக்குள் பல நிலையங்கள் இருக்கும் நிலையில், இங்கே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் இருக்கக்கூடும்.

இடம் தள்ளித் தெரிவதற்குக் காரணங்கள் இரண்டு. தொலைதூரம் பயணம் செய்யும் அலை, தரையோடு ஒட்டி வரும் பகுதியாகவும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் பகுதியாகவும் பிரிந்து வந்து சேர்கிறது. பின்னது சற்றுத் தாமதமானது. அயனி மண்டலத்தின் அடிப்பகுதி பகலில் 70 கிலோமீட்டர் அளவிலும் இரவில் 90 கிலோமீட்டர் அளவிலும் இருப்பதால் அந்தத் தாமதமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிலையம் முதற்பகுதியையும் இன்னொரு நிலையம் இரண்டாம் பகுதியையும் குறித்துவிட்டால் கணக்கு பல கிலோமீட்டர் பிசகிவிடும். மற்றக் காரணம், நிலையங்கள் அமைந்திருக்கும் விதம். மின்னலைச் சுற்றி நாற்புறமும் நிலையங்கள் இருந்தால் அதிபரவளையங்கள் ஒன்றையொன்று கூர்மையாக வெட்டிக்கொள்ளும். எல்லா நிலையங்களும் ஒரே பக்கத்தில் இருந்தால் அவை ஏறத்தாழ இணையாக ஓடி, வெட்டும் இடம் நீண்டு தேய்ந்துபோகும். அப்போது ஒரு மைக்ரோநொடிப் பிழைகூட இடத்தை வெகுதூரம் தள்ளிவிடும். வங்கக் கடலின் மேல் தோன்றும் மின்னல்களுக்குப் பெரும்பாலும் இந்த நிலைதான்.

ஆகவே தமிழ்நாட்டில் நிலையம் அமைக்க விரும்பும் வாசகர்கள், ஏற்கெனவே நிலையம் உள்ள பெருநகரத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, இராமேசுவரம், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உறவினர் வீடு இருந்தால் அங்கே வைக்க முயலலாம். அந்தமானில் போர்ட் பிளேர் என்று முன்னர் அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் வாழும் வாசகர் எவரேனும் முன்வந்தால், அந்த ஒரு நிலையம் சென்னையில் வைக்கப்படும் ஐந்தைவிட வங்கக் கடலின் மின்னல்களுக்கு மிகுதியாக உதவும்.